யாருடைய நிறை இயல்பான நிறை?

“நம்மவர் பிள்ளைகள் பிறப்பிலேயே சிறியவர்கள், அதுவே நமக்கு இயல்பு” என்றொரு கூற்று நம்மிடையே நெடுங்காலமாக வழங்கி வருகின்றது. தாய்சேய் நல நிலையத்திலே குழந்தையைத் தராசிலிடும்போது அதனைக் கேட்கின்றோம். ஆசிரியர் ஓய்வறையிலே கேட்கின்றோம். நாலெழுத்துப் படித்தவர் தமது இனப்பற்றுக்குச் சான்றாகவும் அதனைக் கூறக் கேட்கின்றோம். அயலவன் வகுத்த அளவை நாம் ஏன் ஏற்கவேண்டும் என்று வினவுவது வீரமாகவே தோன்றும். ஆயின் இக்கூற்றின் முழுப் பொருளையும் அறிய விரும்புவோர் அதனை இறந்த குழந்தையின் தராசிலே வைத்துப் பார்த்தல் வேண்டும். சட்ட வைத்திய அதிகாரியின் மேசையருகே, ஈரலையும் மூளையையும் தைமசுச் சுரப்பியையும் கிராம் கணக்கில் நிறுக்கும் அச்சிறு தராசிலே, “நமக்கு இது இயல்பு” என்னும் சொற்றொடர் ஒரு குற்றத்தை மறைக்கும் திரையாக மாறக்கூடும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

வைத்தியக் கல்வி பெறாத தமிழாசிரியன் ஒருவனுக்கு இதிலென்ன வேலை என்று கேட்பார் கேட்கட்டும். நிறையை அளப்பது வைத்தியர் தொழில். அளந்த நிறைக்கு ‘இயல்பு’ என்று பெயர் சூட்டுவது மொழியின் தொழில். மொழியிலே நிகழும் மோசடியை மொழியாசிரியன் சுட்டாமல் வேறெவர் சுட்டுவது?

இலங்கையிலே ஒருவர் திடீரெனவோ, வன்செயலாலோ, ஐயத்துக்கிடமான முறையிலோ இறப்பின் 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின்படி மரண விசாரணை நடைபெறுதல் வேண்டும். விசாரணை அதிகாரியோ நீதவானோ பணிக்குமிடத்து வைத்திய அதிகாரி பிரேத பரிசோதனை செய்கின்றார். இறந்தது கைக்குழந்தையாயின் அவருடைய பணி மிகக் கடினமாகின்றது. வளர்ந்தோருடைய உடலிலே காயமும் நஞ்சும் கதை சொல்லும். கைக்குழந்தையோ பெரும்பாலும் காயமின்றி, ஒரு சொல்லும் பேசியறியாத நிலையில், அங்கு வந்து கிடக்கின்றது. பட்டினியா, புறக்கணிப்பா, நெடுநாள் நோயா, மூச்சடைப்பா என்று துணிவதற்கு உதவும் சான்றுகளுள் உறுப்புக்களின் நிறையும் ஒன்று.

நிறைமாதத்திற் பிறந்த குழந்தையின் மூளை ஏறத்தாழ 350 முதல் 400 கிராம் வரையும், ஈரல் 120 முதல் 150 கிராம் வரையும் இருக்கும். இருதயம் ஏறத்தாழ 20 கிராம். மண்ணீரலும் தைமசுச் சுரப்பியும் தனித்தனியே 10 கிராம் அளவின. ஓராண்டு நிறைவதற்குள் மூளை இருமடங்குக்கு மேற் பெருகுகின்றது. சிறுநீரகத்தின் மேலமர்ந்த சுரப்பிகளோ, மாறாக, பிறந்த சில வாரங்களுள் ஏறக்குறையப் பாதியாகச் சுருங்குகின்றன. எனவே வெறும் எண் எதனையும் உணர்த்தாது. இன்ன வயதும் இன்ன நீளமும் உடைய குழந்தைக்கு இன்ன நிறை எதிர்பார்க்கத்தக்கது என்று கூறும் ஓர் அட்டவணை அருகில் இருந்தாலன்றித் தராசு ஊமையே. கருவிலே போதிய ஊட்டம் பெறாத சிசுவில் உடல் மூளையைக் காத்து ஈரலைப் பலிகொடுக்கும். இறந்து பிறந்த சிசுவிலும் பிறந்தவுடன் இறந்த சிசுவிலும் மூளைக்கும் ஈரலுக்குமுள்ள விகிதம் ஏறத்தாழ மூன்றுக்கு ஒன்றாக இருத்தல் வேண்டும். அது ஐந்தைக் கடக்குமாயின், தாயின் வயிற்றிலேயே பசி தொடங்கிவிட்டது என்று வைத்தியர் ஐயுறுவர்.

அவ்வாறாயின் அந்த அட்டவணை எங்கிருந்து வந்தது? எவருடைய குழந்தைகளை நிறுத்துப் பெற்றது? இவ்வினாவைக் கேளாதவர்களால் விளைந்த கேட்டினை வரலாறு இருமுறை தெளிவாகக் காட்டியிருக்கின்றது.

முதலாவது, சுவாசப்பையின் வரலாறு. 1624இல் இங்கிலாந்திலே ஒரு சட்டம் இயற்றப்பட்டது. மணமாகாத பெண்ணொருத்தி தான் பெற்ற குழந்தையின் இறப்பை மறைத்தாளாயின் அவளே கொன்றாளெனக் கொள்ளப்படும்; குழந்தை இறந்தே பிறந்தது என்று நிறுவும் பொறுப்பு அவளுடையது. இச்சட்டத்தின் வாயில் விழுந்தோர் பெரும்பாலும் பணிப்பெண்களும் ஏழைப்பெண்களுமே என்பதைச் சொல்லவேண்டியதில்லை. 1803 வரை அது நின்று நிலவியது. குழந்தை உயிருடன் பிறந்ததா என்பதை அறிய அதன் சுவாசப்பையை நீரிலிட்டு மிதக்கின்றதா எனப் பார்க்கும் சோதனை 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே ஜேர்மனியில் வழக்குமன்றம் ஏறிவிட்டது. 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அந்நாட்டுப் பேராசிரியர் பிளூக்கே என்பார் தராசையும் துணைக்கழைத்தார். மூச்சுவிடாத சிசுவின் சுவாசப்பை உடல்நிறையில் 70இல் ஒரு பங்கு, மூச்சுவிட்டதாயின் 35இல் ஒரு பங்கு என்பது அவர் கூறிய விதி. மூச்சுவிடுமுன் 30 முதல் 40 கிராம், விட்டபின் 60 முதல் 66 கிராம் என்று இன்னொரு விதியும் வழங்கிற்று. ஐரோப்பாவிலே எழுந்த இவ்வெண்கள் இந்தியாவிலே எழுதப்பட்ட சட்ட வைத்தியப் பாடநூல்களிலும் இடம்பெற்று, மாணவர் தலைமுறை தலைமுறையாக மனனஞ்செய்யும் வாய்பாடாயின.

இவ்விதிகள் வழுவுடையவை. நீர் கோத்தாலும் நோய் பற்றினாலும் சுவாசப்பை கனக்கும். காலத்துக்கு முன் பிறந்த சிசுவிலே விகிதம் மாறும். உயிர்ப்பிக்க முயன்று வாயில் ஊதிய காற்றும் சுவாசப்பையை மிதக்கச் செய்யும். அழுகல் வாயுவும் அவ்வாறே செய்யும். வன்னி வெயிலிலே குளக்கட்டருகிற் கண்டெடுக்கப்படும் ஒரு சிசுவின் உடல் அழுகத் தொடங்க எத்தனை நாழிகை வேண்டும்? இச்சோதனையை முழுதும் நம்பிப் பெண்களைத் தூக்கிலிடலாகாது என்று 1783இல் மறைந்த வில்லியம் ஹன்ரர் என்னும் பெரும் வைத்தியர் அக்காலத்திலேயே கட்டுரை வரைந்தார். நமது தண்டனைச் சட்டக்கோவை 1883இல் ஆங்கிலேயரால் ஆக்கப்பட்டது. பிறப்பை மறைத்தல் அதன்கண் இன்றும் தண்டனைக்குரிய குற்றமே. குழந்தை உயிருடன் பிறந்ததெனத் துணியப்பட்டால் கொலைக்குற்றமும் உடன்வரும். ஓர் ஏழைப்பெண்ணின் வாழ்வு 30 கிராமுக்கும் 60 கிராமுக்கும் இடையே ஊசலாடுகின்றது என்றால் அது மிகையன்று.

இரண்டாவது, தைமசுச் சுரப்பியின் வரலாறு. அது முன்னதினும் கொடியது. நெஞ்செலும்பின் பின்னே கிடக்கும் இச்சுரப்பி குழந்தைப் பருவத்திற் பெரிதாயிருந்து பின்னர்ச் சுருங்குவது. நோயும் பசியும் நெடுநாள் வருத்தினால் அது விரைந்து மெலியும். 19ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவிலே அறுவைமேசைக்கு வந்த உடல்கள் எவருடையவை? இங்கிலாந்தின் 1832ஆம் ஆண்டு உடற்கூற்றுச் சட்டம் உரிமைகோருவாரற்ற ஏழைகளின் உடல்களையே வைத்தியக் கல்லூரிகளுக்கு வழங்கியது. அறச்சாலை வைத்தியசாலைகளிலே வயிற்றோட்டத்தாலும் சயத்தாலும் பட்டினியாலும் நாட்கணக்கில் வாடி இறந்த குழந்தைகளே பெரும்பாலும் நிறுக்கப்பட்டனர். அவர்களுடைய மெலிந்த தைமசு ‘இயல்பு’ என ஏட்டிலேறிற்று. பின்னர், நன்கு உண்டு வளர்ந்த குழந்தையொன்று உறக்கத்திலே திடீரென இறந்தது. திறந்து பார்த்த வைத்தியர் அதன் தைமசு ‘பெருத்திருக்கக்’ கண்டார். உண்மையில் அதுவே நலமுள்ள தைமசு! ஆயினும் 1889இல் வியன்னாவைச் சேர்ந்த பால்ரவுவ் என்பார் இதனை ஒரு தனி நோய்நிலையாகவே வகுத்தார். திடீர் மரணங்களுக்கு அது காரணமெனப் பெயர்பெற்றது.

பிழை அத்துடன் நிற்கவில்லை. 1907 தொடக்கம் அமெரிக்காவிலே நலமுள்ள குழந்தைகளின் கழுத்துக்கும் நெஞ்சுக்கும் எக்ஸ் கதிர் பாய்ச்சித் தைமசைச் சுருக்கும் சிகிச்சை பரவிற்று. சுவீடன் நாட்டவரான ஹம்மார் தைமசின் உண்மையான வளர்ச்சியை அளந்து காட்டியிருந்தார். 1931இல் பிரித்தானிய விசாரணைக் குழுவொன்றின் தரவுகளை ஆராய்ந்தோரும் அத்தகைய நோய்க்குச் சான்றில்லையென அறிவித்தனர். அதன்பின்னும் கதிர் பாய்ச்சுதல் ஓயவில்லை. 1950இலே, தைரொயிட்டுப் புற்றுநோயுற்ற சிறுவருட் பலர் கைக்குழந்தைப் பருவத்தில் இக்கதிரைப் பெற்றோர் என்பது வெளிப்பட்டது. திடீர் மரணங்களைக் குறைத்ததோ 1990களில் எழுந்த ஓர் எளிய அறிவுரை: குழந்தையை மல்லாக்கப் படுக்கவையுங்கள் என்பது.

இதிற் கற்கவேண்டிய பாடம் யாது? ஏழைக் குழந்தையின் நலிவை ‘இயல்பு’ என்று எழுதியவர்கள் ஏழைக்கும் நீதி செய்யவில்லை. செல்வன் வீட்டுக் குழந்தையையும் காக்கவில்லை. வறுமை அளவுகோலாகியபோது நலம் நோயாகத் தோன்றியது.

இவ்வுண்மையை உணர வன்னி மக்கள் ஐரோப்பா வரை செல்லவேண்டியதில்லை. 1895இல் வெளிவந்த ஜே. பி. லூயிசின் வன்னி மாவட்டக் கையேடு காய்ச்சலையும் பறங்கி வியாதியையும் இந்நிலத்தின் துன்பங்களாகப் பதிவுசெய்கின்றது. மலேரியா வன்னியிலே நிலைத்து உறைந்த நோய். ஓர் ஊரில் மலேரியா எவ்வளவு வேரூன்றியிருக்கின்றது என்று அறிய அக்கால வைத்தியர் பாடசாலைக்கே வந்து பிள்ளைகளின் வயிற்றைத் தடவி மண்ணீரல் பெருத்திருப்போரை எண்ணினர். ‘மண்ணீரல் வீதம்’ என்பது அதன் பெயர். அன்றைய வன்னிச் சிறுவரின் மண்ணீரலை நிறுத்து அட்டவணையாக்கியிருப்பின் அந்தச் சராசரி எத்துணை வீங்கியிருக்கும்! “வன்னியாருக்கு மண்ணீரல் பெரிது, அது அவர்களுக்கு இயல்பு” என்று எவரேனும் எழுதியிருந்தால் கணக்கிலே பிழை காணமுடியாது, கருத்தோ முற்றும் பொய். 1934–35இல் இலங்கையிலே ஏறத்தாழ 80,000 பேரைக் கொன்ற மலேரியாவின்போது சூரியமல் இயக்கத்து இளைஞர்கள் அரிசியும் பருப்பும் மருந்தும் சுமந்து கிராமங்களுக்குச் சென்றனர். காய்ச்சலுக்குப் பின்னே பசி நிற்கின்றது என்று அவர்கள் கண்டனர். 1946இலிருந்து டி.டி.ரி. தெளிக்கப்பட்டது, சுகாதார சேவை விரிந்தது, 2012க்குப் பின் சில ஆண்டுகள் உள்நாட்டிலே தொற்றிய மலேரியா நோயாளர் இலர், 2016இல் இலங்கை மலேரியா அற்ற நாடென உலக சுகாதார நிறுவனம் சான்று வழங்கியது. வன்னிப் பிள்ளையின் மண்ணீரல் இன்று உலகத்துப் பிள்ளைகளின் மண்ணீரலைப் போன்றதே. ‘இயல்பு’ மாறிவிட்டதா? இல்லை, நோய் நீங்கியது, இயல்பு வெளிப்பட்டது.

இனி, நம்முன் நிற்கும் இரு திறத்தாரை நோக்குவோம். ஒரு சாரார் அயல்நாட்டு அட்டவணையை வேதமாகக் கொள்வர். 1933இல் பொஸ்ரன் நகரிலே கொப்பலெற்றா, வுல்பக் என்னும் இருவர் ஆயிரத்துச் சொச்சம் பிரேத பரிசோதனைகளிலிருந்து தொகுத்த எண்கள் பல்லாண்டுகளாக உலகெங்கும் எடுத்தாளப்பட்டன. 2014இல் இலண்டன் கிறேற் ஓமண்ட் வீதிச் சிறுவர் வைத்தியசாலையினர் ஆயிரத்துக்கு மேற்பட்ட சிசுக்களின் உறுப்பு நிறைகளைத் தொகுத்து வெளியிட்டனர். இவை மதிப்புடைய உழைப்புக்கள். ஆயினும் ஓர் ஊரில், ஒரு காலத்தில், குறிப்பிட்ட காரணங்களால் இறந்த குழந்தைகளின் கணக்கே இவை. முல்லைத்தீவிலே 2,000 கிராமுடன் பிறந்து மூன்று மாதத்தில் இறந்த குழந்தையின் ஈரலை, அதன் பிறப்பு நிறையையும் நீளத்தையும் கருதாது, வயதொன்றையே கொண்டு இவ்வெண்களோடு ஒப்பிட்டால் எளிய தாயொருத்தி காரணமின்றிப் பழிசுமக்க நேரும். அவள் பட்டினி போட்டாள் என்று முடிவுகட்டுவது எளிது. அவளையே பட்டினி போட்டவர் எவரென்று கேட்பது அரிது.

மற்றைச் சாரார் இதனைக் கண்டு, “நமக்கென்று ஓர் அட்டவணை, நம்மவர் உடலே நமக்கு அளவு” என்பர். நமது குழந்தைகளை நாமே அளத்தல் வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை. அளந்ததை ‘இயல்பு’ என்று முத்திரையிடுவதையே எதிர்க்கின்றேன். இலங்கையிலே 2016ஆம் ஆண்டு மக்கட்டொகை, சுகாதார ஆய்வின்படி ஏறத்தாழ ஆறில் ஒரு குழந்தை 2,500 கிராமுக்குக் குறைந்த நிறையுடன் பிறந்தது. வன்னியிலோ, 1958, 1977, 1983 ஆகிய ஆண்டுகளின் வன்செயல்களால் விரட்டப்பட்டு வந்து காடு திருத்திய மலையகத்துக் கூலி விவசாயிகளும், போருக்குப்பின் கணவனை இழந்து நாட்கூலிக்குச் செல்லும் பெண்களும் நிறைந்திருக்கின்றனர். இவர்களது இறந்த குழந்தைகளை மாத்திரம் நிறுத்து, அந்தச் சராசரியை ‘வன்னிக் குழந்தையின் இயல்பு’ என்று நாட்டினால் விளைவு யாது? நாளை பசியால் மெலிந்து இறக்கும் குழந்தையின் ஈரலும் தைமசும் அட்டவணைக்குள் அடங்கிவிடும். “உறுப்புக்கள் இயல்பான நிறையுடையன” என்று அறிக்கை கூறும். பசி சான்றின்றித் தப்பிவிடும்.

சராசரி வேறு, இயல்பு வேறு, நியமம் வேறு. உள்ளதைக் கூட்டி வகுத்துப் பெறுவது சராசரி. தடையின்றி வளர்ந்தால் எய்தக்கூடியது இயல்பு. அதனை எய்தச்செய்ய வேண்டுமென்று சமுதாயம் தனக்குத் தானே விதிப்பது நியமம். உலக சுகாதார நிறுவனம் 2006இல் வெளியிட்ட குழந்தை வளர்ச்சி வரைபுகள் இவ்வேறுபாட்டை உணர்ந்தே ஆக்கப்பட்டன. பிரேசில், கானா, இந்தியா, நோர்வே, ஓமான், அமெரிக்கா ஆகிய ஆறு நாடுகளில் தாய்ப்பாலுண்டு, வறுமையின் தடையின்றி வளர்ந்த குழந்தைகள் அளக்கப்பட்டனர். அவர்களது வளர்ச்சி நாட்டுக்கு நாடு பெரிதும் வேறுபடவில்லை. டெல்லிக் குழந்தைக்கும் ஒஸ்லோக் குழந்தைக்கும் சோறும் சுத்தநீரும் ஒப்பக் கிடைப்பின் தொடக்க ஆண்டுகளில் வளர்ச்சியும் ஏறத்தாழ ஒக்கும். “நம்மவர் பிறப்பிலேயே சிறியவர்” என்னும் வாதம் அங்கே சாய்ந்தது.

நன்னூல் கற்றோர் தகுதி வழக்கு மூன்றனுள் மங்கலம் ஒன்றென்பதை அறிவர். அமங்கலமானதை மங்கலமாகக் கூறுவது அது. இறந்தாரைத் துஞ்சினார் என்பது போல. துயருற்றோர் மனம் புண்படாதிருக்க எழுந்த அவ்வழக்குப் பண்புடையதே. பட்டினியின் விளைவை ‘இயல்பு’ என்று எழுதுவதும் ஒருவகை மங்கல வழக்குத்தான். ஆனால் இதிலே காக்கப்படுவது துயருற்றோர் மனமன்று, துயர்செய்தோர் மானம். வழக்குமன்றத்துக்குச் செல்லும் அறிக்கையில் மங்கல வழக்குக்கு இடமில்லை.

ஆகவே நாம் வேண்டுவன தெளிவானவை. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மாவட்டப் பொது வைத்தியசாலைகளிலே சிசுவின் பிரேத பரிசோதனை நடைபெறுமிடத்து, கிராமைப் பிரித்தறியும் தராசு பயன்படல் வேண்டும்; 10 கிராம் எடையுள்ள உறுப்பை 50 கிராமுக்கொரு கோடிட்ட தராசில் நிறுப்பது நிறுக்காமைக்குச் சமம். உறுப்பு நிறையோடு உடலின் நீளமும், பிறப்பு நிறையும், கருவிலிருந்த வாரங்களும், பெற்ற சிகிச்சையும், இறந்தபின் கழிந்த காலமும், தாயின் தொழிலும் ஊட்டநிலையும் பதியப்படல் வேண்டும். 1978இல் தொடங்கிய யாழ்ப்பாண மருத்துவ பீடம் போன்ற நிறுவனங்கள் அவற்றைத் தொகுக்குமாயின், தொகுப்புக்கு ‘இயல்பு நிறை’ எனப் பெயரிடாது, ‘இந்நிலையில் வாழ்ந்து இறந்த குழந்தைகளிற் காணப்பட்ட நிறை’ என்றே பெயரிடல் வேண்டும். நன்கு வளர்ந்து விபத்தினால் இறந்த குழந்தைகளின் எண்கள் பிறவற்றோடு கலவாது தனியே நிற்றல் வேண்டும். அப்போதுதான் இரண்டுக்கும் இடைப்பட்ட வெளி எவ்வளவு என்பது புலனாகும். அவ்வெளியே பசியின் கணக்கு.

இன்னுமொன்று. பெரும்பாலும் ஆங்கிலத்தில் எழுதப்படும் அறிக்கையின் பொருளைத் தாய்க்கு அவளறிந்த தமிழில் எடுத்துரைத்தல் வேண்டும். இங்கிலாந்திலே அல்டர் ஹே வைத்தியசாலையில் இறந்த குழந்தைகளின் உறுப்புக்கள் பெற்றோர் அறியாமலே எடுத்துவைக்கப்பட்டிருந்தமை 1999இல் வெளியாகி, 2001இல் விசாரணை அறிக்கையாகி, 2004இல் புதிய சட்டத்துக்கு வழிகோலியது. நிறுத்துப் பார்க்க உறுப்பை வைத்துக்கொள்ள வேண்டியதில்லை. நிறுத்து உடலோடு திரும்ப வைத்துவிடலாம். ஏழையின் குழந்தை என்பதற்காக அறிவியலின் பெயரால் எதுவுஞ் செய்யலாம் என்னும் 1832ஆம் ஆண்டின் மனப்பான்மை நம்மிடம் தலைகாட்டலாகாது.

“இறந்த குழந்தையை நிறுத்து என்ன பயன்? மண்ணுக்குரியதை மண்ணிடம் கொடுங்கள்” என்று சில பெரியவர்கள் இரக்கத்தோடு கூறுவர். அவ்விரக்கத்தை மதிக்கின்றேன். எனினும் சேரமான் கணைக்கால் இரும்பொறை பாடியதாக வழங்கும் புறநானூற்றின் 74ஆம் பாட்டை அவர்கள் நினைத்தல் நன்று. இறந்து பிறந்த குழவியையும் ‘ஆள்’ என எண்ணி அதற்குரிய முறையைச் செய்யத் தவறாத மறக்குடி வழக்கம் அங்கே பேசப்படுகின்றது. அது வாளின் உலகம், மன்னர்குடியின் பெருமை. அவ்வாள் நமக்கு வேண்டாம். உயிரற்ற குழவியும் கணக்கிலே ஓராள் என்னும் எண்ணம் மாத்திரம் வேண்டும். அது மன்னர் குழவிக்கன்றிக் கூலியாள் குழவிக்கும் உரியதாதல் வேண்டும்.

2009ஆம் ஆண்டின் முதல் ஐந்து திங்களிலே வன்னியிற் குண்டுக்கும் பசிக்கும் நோய்க்கும் இரையான குழந்தைகளுள் எத்தனை பேருக்கு மரண விசாரணை நடந்தது? பதுங்குகுழியின் அருகே அவசரமாகப் புதைக்கப்பட்ட அக்குழந்தைகளின் ஈரலும் தைமசும் இன்று மண். 2023இல் முல்லைத்தீவு மாவட்டத்துக் கொக்குத்தொடுவாயிலே மனிதப் புதைகுழி வெளிப்பட்டபோது எலும்புகளும் துணிகளுமே சான்றாக எஞ்சியிருந்தன. தசை பேசும் காலம் குறுகியது. அக்காலத்துள் கேளாதவர்க்கு அது மீண்டும் உரையாது.

ஆசிரியர்களும் மாணவர்களும் இவ்விடயத்தைச் சட்ட வைத்தியரிடம் விட்டுவிட்டு ஒதுங்குதல் ஆகாது. கணித வகுப்பிலே சராசரியைக் கற்பிப்பவர், அது எதனைக் கூறாது என்பதையும் கற்பிக்கட்டும். விஞ்ஞான வகுப்பிலே வளர்ச்சி வரைபைக் காட்டுபவர், அது எவரை அளந்து வரைந்தது என்பதையும் கூறட்டும். தமிழ் வகுப்பிலே ‘இயல்பு’ என்னும் சொல் வரும்போது நாம் ஒருகணம் நின்று, “எவருக்கு? எந்நிலையில்?” என்று மாணவரைக் கேட்கப் பழக்குவோம். இக்கேள்வி பழகிய தலைமுறை நீதவானாகவும் வைத்தியராகவும் தாதியாகவும் மரண விசாரணை அதிகாரியாகவும் வரும்போது, வன்னியிலே இறக்கும் குழந்தை ஏன் இறந்தது என்பதற்கு ‘இயல்பு’ என்னும் விடையை எவரும் எளிதில் எழுதிவிட முடியாது.